இரண்டு மிஷின்களில் திறந்திருந்த போர்ட்

அந்த ஆபீஸில் முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் முப்பது ஒழுங்காக வேலை செய்தன. மீதி இரண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம். காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, ஹாலையும் படுக்கையறைகளையும் பலகைத் தடுப்புகளால் கூறு போட்டு, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தங்கள் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார்கள். நாங்கள் காலையில் கதவைத் திறக்கும்போது அந்தப் பதிவுகள் வந்து குவிந்திருக்கும். எங்கள் ஆட்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து மிதித்து ஓடவிட்டும் நிறுத்தியும் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை டைப் அடித்து சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். காதில் விழாத இடத்தைக் கோடு போட்டுக் காலியாக விடலாம். ஆனால் காலி இடம் அதிகமானால் மேனேஜர் கூப்பிடுவார்.

எனக்கு இருபத்துநாலு வயது. மர்பி டவுனில் வீடு. அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்து, ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போய், வீட்டில் படுத்திருந்தார். அம்மா இரண்டு வீடுகளில் சமையல் செய்தாள். நான் ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் என்று ஒரு வருட கோர்ஸ் முடித்து அந்த ஆபீஸில் சிஸ்டம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த வேலைக்கு நான் ஒருத்திதான். யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சிஸ்டம் வந்தாச்சா?" என்பார்கள். பங்களாவின் பழைய சமையலறைதான் என் இடம். சர்வரை அங்கேதான் வைத்திருந்தார்கள். பாத்திரம் தேய்க்கும் தொட்டி அப்படியே இருந்தது. குழாயைத் துணியால் கட்டி, 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

பிப்ரவரி மாதம் எங்களுக்கு வேலை தரும் அமெரிக்க க்ளையண்ட் புதிய சாஃப்ட்வேர் ஒன்றை அனுப்பினார்கள். அதற்கு முன்பு சர்வருக்கு வந்த ஃபைல்களை ஆளாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். இனிமேல் அப்படி இல்லை. ஒவ்வொரு மிஷினிலும் அந்தச் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வர் அதற்கு ஃபைலைத் தானாகத் தள்ளும். அதற்கு நாலாயிரத்து நாற்பதாம் நம்பர் போர்ட் வேண்டும்.

போர்ட் என்றால் என்ன என்று அம்மா ஒருமுறை கேட்டாள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான ஜன்னல்கள் இருப்பதாக வைத்துக்கொள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், வெளியிலிருந்து ஏதாவது வரவேண்டுமென்றால் ஒரு புரோகிராம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், ஒரு ஜன்னலில் ஒன்றுதான் உட்காரலாம் என்றேன். "பஸ்ல ஜன்னல் சீட்டு மாதிரி" என்றாள். அவ்வளவுதான் விஷயம்.

முப்பது மிஷின்களில் புதிய சாஃப்ட்வேர் உடனே கிளம்பியது. இரண்டில் மட்டும் போர்ட் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் எல்லாம் ஓட வேண்டும் என்று மேனேஜர் இரண்டு தடவை சமையலறைக்கு வந்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டில் ஒன்று ஹாலின் கோடியில் உட்காரும் ஒரு பெரியவருடையது. ஐம்பத்திரண்டு வயதிருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் இருபது வருடம் ஸ்டெனோவாக இருந்து, அது மூடிப்போனதும் இங்கே வந்தவர். ஆபீஸிலேயே வயதானவர் அவர்தான். எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளித்தான் அவர் வீடு. தனி ஆள். மற்றது, படுக்கையறையாக இருந்த இடத்தில் உட்காரும் ஒரு அக்காவுடையது. காக்ஸ் டவுன்காரர், வீட்டிலிருந்து நடந்தே வருவார். முப்பத்தைந்து வயது, கணவரும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. இந்த இரண்டு பேரைப் பற்றியும் ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. ஒரே நாளில் லீவு போடுகிறார்கள் என்பார்கள். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

பெரியவர் டீ குடிக்கப் போயிருந்தபோது அவர் மிஷினில் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையைத் திறந்து நெட்ஸ்டாட் என்று அடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தால் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பட்டியல் வரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு நம்பர் இருக்கும். அந்த போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் புரோகிராமின் நம்பர் அது. நாலாயிரத்து நாற்பதுக்கு நேரே ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்று இருந்தது. டாஸ்க் மேனேஜரில் அந்த நம்பரைத் தேடினேன். 'பெல்' என்று ஒரு புரோகிராம். கேள்விப்பட்டதே இல்லை. அக்காவின் மிஷினிலும் அதே பெல்தான்.

வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இருந்த ஃபோல்டரைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். உள்ளே மூன்று ஃபைல்கள்தான். ஒன்று புரோகிராம். ஒன்று செட்டிங். மூன்றாவது ஒரு டெக்ஸ்ட் ஃபைல், பெரியது. திறந்தால் இரண்டு பேர் எழுதிக்கொண்ட பேச்சு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். இரண்டு மிஷின்களுக்கு நடுவில் அரட்டை அடிக்கும் புரோகிராம். ஊர் சொன்னது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டு, படிக்காமல் மூடினேன். படிக்கக்கூடாது என்ற நல்ல புத்தியினால் அல்ல. மேனேஜர் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். இரண்டு மிஷின்களிலும் பெல்லை நிறுத்தி, மறுபடி தானாகக் கிளம்பாதபடி செய்தேன். புதிய சாஃப்ட்வேர் ஓடியது.

மறுநாள் அந்தப் பெரியவரின் ஃபைல்கள் கோடுகளாக வந்தன. வரிக்கு வரி காலி இடம். அதற்கு அடுத்த நாள் அதைவிட மோசம். காலி விட்டால் திட்டுவார்கள் என்று அவர் ஊகித்து அடிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு மருந்தின் அளவு பதினைந்து என்பதை ஐம்பது என்று அடித்திருந்தார். இங்கிலீஷில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. சரிபார்க்கும் பிரிவில் அதைப் பிடித்துவிட்டார்கள். மேனேஜர் ஹாலில் எல்லாருக்கும் முன்னால் நின்று சத்தம் போட்டார். "ஐம்பது குடுத்தா அந்த ஆளு போய்ச் சேருவான், தெரியுமா உங்களுக்கு?" பெரியவர் எழுந்து நின்று, மேனேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவே இல்லை. திமிர் என்று சிலர் பிறகு சொன்னார்கள்.

அன்று மத்தியானம் அக்கா சமையலறைக்கு வந்தார். பின்னால் பெரியவர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அந்த பெல் வெச்சிருந்தோமே, நீயா எடுத்துட்ட?"

"அது போர்ட்டப் புடிச்சுக்கிட்டிருந்துச்சு அக்கா. மேனேஜர் வேற நின்னுட்டிருந்தாரு. ஆபீஸ்ல சாட் பண்ணக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"சாட்டா?" அக்கா கதவைப் பாதி சாத்தினார். "இங்க பாரு. அவருக்குக் காது கேக்காது."

எனக்குப் புரியவில்லை. தினமும் அவரோடு பேசுகிறேன். அதே பஸ்ஸில் எத்தனையோ தடவை வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

"இடது காது சுத்தமா போச்சும்மா" என்றார் பெரியவர். என் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வலது காதுல சத்தம் கேக்கும், எழுத்து கேக்காது. நேர்ல பேசுனா உதட்டப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். டேப்புல உதடு இல்லயே."

"காதுக்கு மெஷின் வெச்சுக்கலாமே சார்?"

"வெச்சுப் பார்த்தேன். ஹெட்ஃபோன் மேல போட்டா விசில் அடிக்குது. அதுவும் இல்லாம, காதுல மெஷின் வெச்ச ஆளுக்கு இந்த வேலைய யாரு குடுப்பாங்க?"

அவர்கள் செய்துகொண்டிருந்தது இதுதான். அவருக்குப் புரியாத இடம் வந்தால், ஃபைலின் பெயரையும் நிமிடத்தையும் பெல்லில் எழுதுவார். அக்கா அதைத் திறந்து, கேட்டு, வார்த்தையை எழுதுவார். பதிலுக்கு அவர் செய்ததும் ஒன்று உண்டு. அக்காவுக்கு எந்த உச்சரிப்பும் காதில் விழும், ஆனால் ஸ்பெல்லிங் வராது. மருந்துப் பெயர், எலும்புப் பெயர், நோய்ப் பெயர் எல்லாம் பெரியவருக்குத் தலைகீழ்ப் பாடம். அக்கா காதில் விழுந்ததை எழுதுவார், அவர் சரியான எழுத்தைக் கொடுப்பார். எனக்கு முன்னால் சிஸ்டத்தில் இருந்தவரிடம் அக்கா கெஞ்சிக் கேட்டு பெல்லைப் போட வைத்திருக்கிறார். ஒருவர் வராவிட்டால் மற்றவரால் வேலை செய்ய முடியாது. அதனால்தான் ஒரே நாளில் லீவு.

"ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆளு" என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

இதை அப்போதே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கேயோ படுத்திருக்கும் யாரோ ஒருவருக்குப் பதினைந்துக்குப் பதில் ஐம்பது போயிருக்கலாம். ஆனால் அக்கா கேட்டுச் சொன்ன நாட்களில் அவர் ஃபைலில் அந்த மாதிரித் தப்பு வந்ததே இல்லை. தப்பு வந்தது நான் பெல்லை நிறுத்திய இரண்டு நாளில்தான்.

செட்டிங் ஃபைலைத் திறந்தால் போர்ட் என்று ஒரு வரி இருந்தது. நாலாயிரத்து நாற்பது என்பதை நாலாயிரத்து எழுநூற்று நாற்பத்தேழு என்று மாற்றினேன். இரண்டு மிஷின்களிலும். ஒரு நிமிட வேலை. பெல் ஓடியது, க்ளையண்டின் சாஃப்ட்வேரும் ஓடியது. ஒன்று இன்னொன்றின் வழியில் வரவில்லை. அந்த ஃபைலில், நான் மாற்றிய வரிக்கு இரண்டு வரி கீழே, பேச்சையெல்லாம் சேமித்து வை என்று சொல்லும் வரியும் இருந்தது. அதில் ஒன்று என்று இருந்தது. அதைப் பூஜ்யமாக்கியிருந்தால் பழைய பேச்சு எதுவும் தேங்காது. அந்த வரியைப் பார்த்தேன். மாற்றத் தோன்றவில்லை. அவர்கள் பேசுவது ஒவ்வொன்றும் எழுதப்படுகிறது என்று அவர்களிடம் சொல்லவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. பெரியவர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காராமல் எதிர் சீட்டில் உட்காருவார். ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். வண்டிச் சத்தத்தில் மற்றவர்கள் கத்திக்கத்திப் பேசுவோம். அவர் மட்டும் மெல்லிய குரலில் தெளிவாகப் பதில் சொல்வார். ஒரு நாள் அப்பாவின் முதுகுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன். படித்து, ஒவ்வொரு மருந்தும் எதற்கு என்று சொன்னார்.

ஆகஸ்டில் க்ளையண்ட் தங்கள் ஆட்களை வைத்து எங்கள் நெட்வொர்க்கைச் சோதித்தார்கள். நோயாளிகளின் விவரம் வெளியே போகிறதா என்று பார்க்கும் சோதனை. எந்த மிஷினில் எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். ரிப்போர்ட் வந்தது. இரண்டு மிஷின்களில் நாலாயிரத்து எழுநூற்று நாற்பத்தேழாம் போர்ட் திறந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை, விளக்கம் வேண்டும்.

மேனேஜர் அந்தத் தாளோடு வந்தார். "நோடும்மா, இதப் பாரு, இது என்ன புதுக் கதை? எந்தப் புரோகிராம் இத யூஸ் பண்ணுது? இப்பவே கண்டுபுடி. நான் பக்கத்துலயே இருக்கேன்."

லஞ்ச் நேரம். பெரியவர் சீட்டில் இல்லை. மேனேஜர் அவர் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். தான் பின்னால் நின்றார். எனக்கு எல்லாம் தெரியும். தெரியாதவள் மாதிரி கறுப்புத் திரையைத் திறந்தேன். நெட்ஸ்டாட் அடித்தேன். ஏதோ ஒரு வைரஸ் பெயரைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஃபோல்டரை அழித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. பட்டியல் ஓடி நின்றது. விரலை வைத்துக் காட்டினேன்.

"இந்த நம்பரா? இது எந்தப் புரோகிராம்?"

"பார்க்கணும் சார்."

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெதுவாகத் தேடினேன். முன்பு இரண்டு நிமிடத்தில் செய்ததை அன்று பத்து நிமிடம் செய்தேன். கடைசியில் பெல் என்ற பெயருக்கு முன்னால் வந்து நின்றேன். நான் நடிக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "குட்" என்றார்.

டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்கச் சொன்னார். நின்றபடியே படித்தார். அவர் மூச்சு மாறியது. "பிரிண்ட் எடு. எல்லாத்தையும் எடு."

எடுத்தேன். நாற்பது பக்கத்துக்கு மேல் வந்தது. பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாள்களைத் தட்டி அடுக்கி, ஸ்டேப்ளர் பின் அடித்து அவர் கையில் கொடுத்தது நான்தான். அடுக்கும்போது கண்ணில் பட்ட வரிகள் இவை. 'மூணாவது நிமிஷம், இடதா வலதா?' 'இடது சார், இடது கிட்னி.' 'நன்றிம்மா.' 'சார், எஃப்பா பிஎச்சா?' 'பிஎச்.' பக்கம் பக்கமாக அதுதான்.

மூன்று மணிக்கு மேனேஜர் தன் அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டார். எல்லாரும் என்றால் நான்கு பேர். மேனேஜர் மேஜைக்குப் பின்னால். எதிரே பெரியவரும் அக்காவும். டெக்னிக்கலாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இருக்கட்டும் என்று நான் சுவரோரம் நின்றேன்.

மேனேஜர் சில வரிகளை மட்டும் பேனாவால் குறித்து வைத்திருந்தார். தாளைக் குனிந்து பார்த்தபடி படிக்கத் தொடங்கினார்.

"'நீங்க வரலன்னா எனக்கு இன்னைக்குப் பொழப்பே இல்லை.' இது ஒண்ணு. 'நாளைக்கு லீவா? அப்ப நானும் போட்டுடறேன்.' இது ஒண்ணு. 'நீங்க பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கு.' என்னங்க இது, ஆபீஸா பார்க்கா?"

அக்காவின் முகம் வெளுத்தது. பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மரியாதையாக லேசாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் தலையைக் குனிந்திருந்தார். தாள் அவர் வாயை மறைத்திருந்தது. அந்த அறையில் என்ன படிக்கப்படுகிறது என்று பெரியவருக்குத் தெரியவே இல்லை.

மேனேஜர் இன்னும் நாலைந்து வரி படித்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். "சிரிக்கறாரு பாருங்க" என்றார் மேனேஜர்.

"நடுவுல இருக்கறதையும் படிங்க சார்" என்றார் அக்கா. "முழுசா படிங்க."

"நடுவுல என்ன இருக்கு?"

அக்கா பெரியவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவருக்குக் காது கேக்காது சார். நான் கேட்டுச் சொல்லுவேன். அவ்ளோதான்."

மேனேஜர் தாளைக் கீழே வைத்தார். அக்காவைப் பற்றி நினைத்ததை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இன்னொரு குற்றம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். காது கேட்காத ஆளை வைத்து நோயாளி ரிப்போர்ட் அடித்தோம் என்று க்ளையண்டுக்குத் தெரிந்தால் கம்பெனியே போய்விடும் என்றார். ஒருவருடைய ஃபைலை இன்னொருவர் திறந்தது தனிக் குற்றம் என்றார். அதில் அவர் சொன்னது தப்பென்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

பிறகு செட்டிங் ஃபைலின் பிரிண்டை எடுத்தார். இந்தத் தடவை தலையை நிமிர்த்திப் பேசினார். "ஃபைல் தேதியப் பார்த்தேன், இது பிப்ரவரில மாத்தியிருக்கு. சாஃப்ட்வேர் வந்தப்புறம் யாரோ போர்ட் நம்பர மாத்திக் குடுத்திருக்காங்க. யாரு?"

என் கால் சுவரில் முட்டி நின்றது.

பெரியவர் மேனேஜரின் உதட்டைப் படித்து முடித்தார். "நான்தான் சார்."

"நீங்களா? உங்களுக்குப் போர்ட்டுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நான்தான் மாத்தினேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவரால முடியுமா?"

எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"முடியும் சார். நோட்பேட்ல திறந்து நம்பர மாத்தினா போதும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லாமல், யாரோ ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். வாசலில் செக்யூரிட்டி அவர்கள் பைகளைத் திறந்து பார்த்தார். பெரியவரின் பையில் சாப்பாட்டு டப்பாவும், பழைய மருத்துவ அகராதி ஒன்றும் இருந்தன. அகராதி ஆபீஸ் புத்தகமா என்று கேட்டு, பெரியவரின் பெயர் எழுதியிருந்த முதல் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் விட்டார். அக்கா நடந்து போகாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் ஸ்கூட்டரில் வந்தார். என்ன காரணம் என்று மேனேஜரிடம் கேட்க உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் அந்தத் தாள்கள் இருந்தன. நான் அடித்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது.

ஒரு வாரம் கழித்து, பிரச்சினையை ஒரே நாளில் கண்டுபிடித்ததற்காக க்ளையண்டிடமிருந்து பாராட்டு மெயில் வந்தது. மேனேஜர் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

அதன் பிறகு பெரியவரின் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போக அதுதான் குறுக்கு வழி. சர்ச் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஏன் சுற்றுகிறாய் என்று அம்மா கேட்டாள். அந்தத் தெருவில் நாய் இருக்கிறது என்றேன்.

அடுத்த வருடம் அப்பா இறந்தார். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் பெரியவர் வந்தார். மாலை போட்டுவிட்டு, அம்மாவுக்குக் கைகூப்பிவிட்டு, எனக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

"அங்க மிஷின் சத்தத்துல யாருக்குமே எதுவும் கேக்காதும்மா. எல்லாரும் கையிலதான் பேசிக்குவாங்க. எனக்குக் கஷ்டமே இல்ல."

நிற்கிற வேலை, காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும் என்றும் சொன்னார். அவர் கால்களைப் பார்த்தேன். செருப்புக்கு வெளியே வீங்கியிருந்தன.

எனக்கு அடக்க முடியவில்லை. "சார், அன்னைக்கு ஏன் என்னைச் சொல்லல? நான்தானே மாத்திக் குடுத்தேன்? நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சார்" என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் முன்னால் சாய்ந்து என் முகத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"கைய எடுத்துட்டுப் பேசும்மா. தெரியல."

அழுகையில் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன். கையை எடுத்தேன். ஆனால் மறுபடியும் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். அப்பாவின் முதுகு கடைசியில் எப்படி இருந்தது என்று விசாரித்தார். பாடையைத் தூக்கும்வரை இருந்துவிட்டுப் போனார். என்னால் சொல்ல முடியாததை அவர் புரிந்துகொண்டாரா, அப்பாவுக்காக அழுகிறாள் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. பிறகு ஒரு வருடத்துக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு பீன்யா பக்கமே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேடிப் போகவில்லை.

அக்காவைப் பார்த்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. நான் அந்த ஆபீஸை விட்டு வேறு கம்பெனிக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நின்றேன். அக்காவும் அங்கே நின்றிருந்தார். சர்ச்சிலிருந்து வருகிறார்போல, தலையில் முக்காடு இன்னும் இருந்தது. கையில் ஒரு பை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"எப்படி இருக்கீங்க அக்கா?"

"இருக்கேன். ஸ்கூல்ல ஆயா வேலை. பசங்களுக்கு ஸ்பெல்லிங் சொல்லித் தர வேணாம்" என்றார்.

என்ன பேசுவது என்று தெரியாமல், பெரியவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன்.

"தெரியும். பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். நானா இருந்தா குடுத்திருப்பேன். ஒரு வாரம் அதே யோசனைதான். ஃபோன எடுத்து மேனேஜர் நம்பரக்கூட அடிச்சேன். அப்புறம் வீட்டுல இருந்த நெலமையில அது பெருசா தெரியல."

"வீட்டுல…"

"ஆறு மாசம் அவரு பேசல. இப்ப பேசறாரு, சாப்பாடு, கரண்ட் பில்லு, அவ்ளோதான். அந்தப் பேப்பர பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்காரு. இன்னும் அங்கதான் இருக்கு. ஏதாவது சண்டைன்னா எடுத்துப் படிப்பாரு. மேனேஜர் கோடு போட்ட இடம் மட்டும்."

"நான் வந்து அவர்கிட்டச் சொல்றேன் அக்கா. அது என்ன பேச்சுன்னு எனக்குத் தெரியும். எந்த ஃபைலு, எந்த நிமிஷம்னு எல்லாம் காட்டிச் சொல்றேன்."

அக்கா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இப்ப எதுக்கு? அன்னைக்கு அந்த ரூம்ல நாலு பேரு இருந்தோம். அப்பவும் உனக்குத் தெரியும்."

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அக்கா ஏறி முன்பக்கம் போய் உட்கார்ந்தார். நானும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். கண்டக்டர் படியில் நின்று என்னைப் பார்த்து, "பர்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். வரவில்லை என்று தலையசைத்தேன். அவர் விசில் அடித்தார். அடுத்த பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது.